மண் தின்னி மீனுக்கு மணல்தான் வீடு

கேள்வி: நான்கு அங்குல ஜியோஃபேகஸ் மீன்கள் ஆறு வளர்க்கிறேன். மூன்றடித் தொட்டி, அடியில் வண்ணக் கூழாங்கற்கள். மீன்கள் மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. பெரிய தொட்டி வாங்கப் போகிறேன். எப்படி அமைப்பது?

பதில்: பெரிய தொட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கூழாங்கற்களை இன்றே எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிய நைஸான ஆற்று மணலைப் பரப்புங்கள். உங்கள் மீன்களைப் பார்க்காமலேயே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் முதலில் இதே தவறைத்தான் செய்தேன். மணல் போட்ட அன்று மாலையே ஒரு மீன் தலையைக் கவிழ்த்து வாய் நிறைய அள்ளியது. அதைப் பார்த்தபோது, அதுவரை அவற்றைப் பட்டினி போட்டுவிட்டதைப் போல எனக்கு வருத்தமாக இருந்தது.

ஜியோஃபேகஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு மண் தின்னி என்று பொருள். உண்மையில் இவை தென் அமெரிக்க ஆறுகளின் மணலைச் சலிக்கும் மீன்கள். அள்ளிய மணலை வாய்க்குள் புரட்டி, சிறு புழு, பூச்சிகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். கூரான மணல் செவுளைக் கிழிக்கும். பவள மணல் நீரைக் கடினமாக்கும். இரண்டும் வேண்டாம். மணியின் அளவு 1 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஒன்றரை அங்குல ஆழம் போதும்.

வளர்ந்த மீன் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை வரும். ஆறு மீன்களுக்கும் சேர்த்து ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வையுங்கள். உயரத்தைவிட அடித்தளத்தின் பரப்புதான் இவற்றுக்கு முக்கியம். அந்தத் தொட்டியின் நீர் மட்டுமே 650 கிலோவுக்கு மேல் இருக்கும். தாங்கியையும் தரையையும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

பாறைகளைக் கண்ணாடித் தளத்தில் உட்காரவைத்த பிறகே மணலைக் கொட்டுங்கள். நான் மணலின் மேல் வைத்த கல்லை இவை இரவோடு இரவாகக் குடைந்து, கண்ணாடியின் மேல் சாய்த்துவிட்டன. நட்ட செடிகளும் நிற்காது. அனுபியாஸ் என்ற நீர்ச்செடியை மட்டும் கட்டையில் கட்டிவிடுங்கள்.

ஃபில்டரின் உறிஞ்சுகுழாய் மணலிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும், முனையில் நுரைப்பஞ்சும் வேண்டும். இல்லாவிட்டால் மணல் உள்ளே போய் மோட்டாரைத் தேய்த்துவிடும். இப்போது ஓடும் ஃபில்டரைப் புதிய தொட்டிக்கு அப்படியே மாற்றுங்கள். அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சமாளிக்கின்றன. வெப்பம் 27 முதல் 29 டிகிரி. வாரந்தோறும் பாதி நீரை மாற்றுங்கள். இதில் சோம்பினால் தலையில் குழி விழும் நோய் வரக்கூடும்.

நியான் டெட்ரா என்ற குட்டி மீன்களைச் சேர்க்காதீர்கள், வளர்ந்த மீன் விழுங்கிவிடும். முரட்டுச் சிக்லிட் மீன்களும் வேண்டாம். இவை கூட்டமாக வாழ்பவை, ஆறு மீன்களையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.