‘ஓகே’ அழுத்தினால் நம் விபரம் எங்கே போகிறது?

கேள்வி: மகளின் பிறப்புச் சான்றிதழ் பிரதிக்கு விண்ணப்பிக்க, திருகோணமலை நகரில் ஒரு கொமினிகேஷனுக்குப் போய் அரசாங்க இணையத்தளம் ஒன்றைத் திறந்தோம். குக்கீஸுக்குச் சம்மதமா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. கடைத் தம்பி வாசிக்காமலே ‘ஓகே’ அழுத்திவிட்டார். எங்கள் விபரமெல்லாம் யார் கைக்குப் போகும்? இரண்டு நாளாக நித்திரை இல்லை.
- வாசகி, உப்புவெளி

பதில்: சகோதரி, அந்த ஓகேக்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கச்சேரி வாசலில் காவலாளி ஒரு கொப்பியில் நம் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதுவார் இல்லையா, இணையத்தளத்தை வைத்திருக்கும் கொம்பியூட்டரான சேவரும் அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எந்த ஐபி இலக்கத்திலிருந்து (இணைய இணைப்புக்குக் கொடுக்கப்படும் இலக்கம் அது), எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எந்த பிரவுசரில் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். பெயர் அதில் இருக்காது. போன் டேட்டாவில் ஒரே ஐபி இலக்கத்தைப் பல பேர் பங்கு போட்டுப் பாவிப்பதால் அதை மட்டும் வைத்து உங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம், அந்த நேரத்தில் யார் பாவித்தார்கள் என்ற விபரம் இணைப்புக் கொடுத்த கம்பனியிடம்தான் இருக்கும்.

குக்கீஸ் என்பது பிரவுசருக்குள் தளம் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. தமிழைத் தெரிவு செய்தீர்கள், படிவத்தில் பாதி நிரப்பிவிட்டீர்கள் என்று நினைவு வைக்கும் குறிப்புகள் அவசியமானவை, அவற்றில் பல பிரவுசரை மூடினால் போய்விடும். வருகையை எண்ணுவதற்கு கூகுள் அனலிட்டிக்ஸ் போன்றவை வைக்கும் குறிப்புகள் அப்படியில்லை, பிரவுசரைப் பொறுத்து ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கலாம். அரசாங்கம் தன்னிடம் வரும் மக்களைத் தானே எண்ணலாமே, வெளிநாட்டுக் கம்பனி எதற்கு என்பது என் கேள்வி. எப்படியும் உங்கள் விடயத்தில் அந்தக் குறிப்பு கடைக் கொம்பியூட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறது, உங்கள் போனில் இல்லை.

சரி, இப்போது படிவம். நீங்களே கைப்பட நிரப்பிய பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், இவைதான் பெறுமதியானவை. போன மாதம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் அடையாள அட்டை இலக்கம் கேட்கும் கட்டத்தில் விரலை வைத்ததும், எனக்கு முன் வந்தவர்களின் இலக்கங்கள் ஆறு வரிசையாகக் கீழே விழுந்தன. புதிய 12 இலக்க அட்டையில் முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 532 என்று கண்டால் பெப்ரவரி 1 பிறந்த பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். முன்பின் தெரியாத ஆறு பேரின் பிறந்தநாளும் என் கண்முன்னே கிடந்தது, எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

ஆகவே, முதலில் அந்தக் கடைக்கே திரும்பப் போங்கள். பிரவுசரில் சேமித்த படிவ விபரங்களையும், அட்டையை ஸ்கேன் செய்திருந்தால் அந்தப் படத்தையும் அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதையும்தான். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், தம்பி கோபிக்க மாட்டார். இனிமேல், நிரப்பியதை நினைவில் வைக்காத இன்கொக்னிட்டோ ஜன்னலில் திறக்கச் சொல்லுங்கள். தள முகவரியின் பெயர் ‘டொட் கவ் டொட் எல்கே’ (.gov.lk) என்று முடிகிறதா என்பதையும் பாருங்கள், அதற்குப் பின்னால் சாய்கோடு போட்டு வருவது எதுவாகவும் இருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களுக்கும் பொருந்தும், நம் தரவைக் கேட்டுப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் அதில் உரிமை உண்டு. ஆனால் கட்டம் கட்டமாக அமுலாகும் சட்டம் அது, திகதியும் தள்ளிப் போனது. அதுவரை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடியுங்கள். அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு, என்ன விபரம் சேகரிக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள், வேறு யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி, சம்மதம் கேட்கும் பெட்டி மட்டும் ஏன் ஆங்கிலத்தில்? விளங்காத ஒன்றுக்கு எப்படிச் சம்மதிப்பது?

கேள்வி: போனில் அரச தளத்தைப் பார்த்தால் நான் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரியுமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: ஐபி இலக்கத்தை வைத்து நாடும் கம்பனியும் தெரியும், ஊர் பல நேரம் பிழையாகத்தான் காட்டும். சரியான இடம் தெரிய வேண்டுமென்றால் போன் உங்களிடம் அனுமதி கேட்கும், படிவம் நிரப்ப அது தேவையில்லை, மறுத்துவிடுங்கள். ஏற்கனவே கொடுத்திருந்தால் பிரவுசர் செட்டிங்கில் அந்தத் தளத்தின் பெயரைத் தேடி, கொடுத்த அனுமதியை எடுத்துவிடலாம்.