கல்லூரிகளில் நடத்தும் மனநல விழிப்புணர்வு நிகழ்ச்சிகளால் மாணவர்களுக்கு உண்மையில் பயன் இருக்கிறதா?

பயன் உண்டு, ஆனால் பாதிதான். வடசென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். "ராத்திரியெல்லாம் தூக்கமே வரல சார், எதுலயும் மனசு ஒட்டல" என்று ஒரு பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று சொல்கிறான் என்றால், அந்தத் தைரியத்தில் இந்த நிகழ்ச்சிகளுக்கும் பங்கு இருக்கிறது. நான் படித்த காலத்தில் அப்படி யாரும் வாய் திறந்ததில்லை.

அதற்கு அப்புறம்தான் சிக்கல். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒரு டாக்டர் வந்து பேசுவார், உறுதிமொழி எடுப்போம், வராண்டாவில் போஸ்டர் ஒட்டுவோம். சரி, மறுநாள் அந்தப் பையன் யாரிடம் போவான்? நான் பார்த்த கல்லூரிகளில் ஒரு பேராசிரியரே கவுன்சலிங்கையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், இன்டர்னல் மார்க் போடுகிறவரும் அவர்தான், அவரிடம் போய் வீட்டுச் சண்டையையும் காதல் தோல்வியையும் எந்தப் பிள்ளை சொல்லும்?

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. வகுப்பில் போஸ்டர் மட்டும் ஒட்டிய பள்ளிகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில்கூட அவற்றைவிடச் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. மாணவர்களையே சில வாரம் உட்காரவைத்து, தங்கள் பிரச்சினைகளை நடித்துப் பார்த்துப் பேசவைத்த பள்ளிகளில்தான், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது தற்கொலை முயற்சிகள் போஸ்டர் மட்டும் ஒட்டிய பள்ளிகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. அவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான், இருந்தாலும் பதினெட்டு வயதுக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டிலிருந்து வருகிற பெண் ஹெல்ப்லைனுக்கு எங்கே நின்று போன் பேசுவாள்? அம்மா பக்கத்திலேயே இருப்பார், தெருவில் நின்றால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். சாயங்காலம் வேலைக்குப் போகிற பையனுக்கு அந்த நேரமும் கிடையாது. காலையில் ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போனால் அட்டெண்டன்ஸ் போய்விடும். ஆகவே நிகழ்ச்சிக்குச் செலவழிக்கிற பணத்தில் வாரம் இரண்டு நாள் வெளியிலிருந்து ஒரு கவுன்சலரைக் கூப்பிடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஒரு அறை கொடுங்கள், ஓ.பி. சீட்டைக் காட்டினால் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வந்ததாகவே கணக்கு) போடுங்கள் என்று கல்லூரிகளிடம் கேட்கிறேன். நானும் கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு: அரசின் மனநல ஹெல்ப்லைனான டெலி மனாஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். நேரில் போக வேண்டும் என்றால், கீழ்ப்பாக்கம் என்றதும் வீட்டில் பயப்படுவார்கள் என்று தயங்க வேண்டாம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போகிறவர்களும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள், எதற்காக வந்தாய் என்று வாசலில் யாரும் கேட்கப்போவதில்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் கூட ஒரு ஃபிரண்டைக் கூட்டிக்கொண்டு போங்கள்.