நோயிலிருந்து தேறுபவருக்கு ஏற்ற மாவோரிச் சின்னம்

வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பின் தேறிவரும் உங்கள் நியூசிலாந்துத் தோழிக்குப் பச்சைக்கல் (மரகதம் அல்ல, ஜேடு வகைக் கல்) பதக்கம் பரிசளிக்க விரும்பி, கோரு வடிவமா, ஹெய் மாத்தாவு வடிவமா என்று கேட்டிருந்தீர்கள். தூண்டில் முள் வடிவிலான ஹெய் மாத்தாவு, நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களிடையே நல்ல உடல்நலம், வளம், பாதுகாப்பான கடற்பயணம் ஆகியவற்றைக் குறிக்கிறது. தொன்ம வீரன் மாவுயி நியூசிலாந்தின் வடதீவையே தூண்டிலிட்டுக் கடலிலிருந்து இழுத்தான் என்னும் தொன்மத்தையும் அது நினைவூட்டுகிறது. ஆயினும், நோயிலிருந்து மீள்பவருக்கு, சுருள் அவிழும் இளம் பெரணி இலையின் வடிவமான கோருவையே நான் தேர்ந்தெடுப்பேன். அது புதுவாழ்வையும் வளர்ச்சியையும் சுட்டுகிறது. இவை நோய் தீர்க்கும் தாயத்துகள் அல்ல (விற்பவர்கள் சிலர் அப்படித்தான் பேசுவார்கள்). வாங்கும்போது கல்லின் பிறப்பிடத்தைக் கேளுங்கள்: தென்தீவில் இயற்கையாகக் கிடைக்கும் பச்சைக்கல், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலும் ஙாய் தாஹு என்னும் மாவோரிக் குலத்தாருக்கு உரியது, வெளிநாட்டுக் கல்லில் செதுக்கிய பதக்கங்களும் கடைகளில் விற்கப்படுகின்றன.