கூரைச் சரிவும் மாங்காய்க் கூடையும்

கேள்வி: டாடா கர்வ், சிட்ரோன் பசால்ட் கார்கள் இரண்டில் எது அழகு? வீட்டில் தினமும் சண்டை. – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டும் 2024-இல் வந்தவை, இரண்டுக்கும் பின்னால் சரியும் கூரை. என் கண்ணுக்குக் கர்வ்தான். ஆனால் அழகை ரசிப்பவர் தெருவில் நிற்கிறார். தலை இடிபடுவது பின்சீட்டில் இருப்பவருக்கு. வீட்டிலேயே உயரமானவரை உட்காரவைத்துப் பாருங்கள். பசால்ட்டின் உயர்வகையில் பின்சீட்டின் தொடைத் தாங்கலை மூன்று நிலைகளில் உயர்த்தலாம். முழங்கால் வலிக்காரர்கள் வாழ்த்துவார்கள். டிக்கி, கர்வில் 500 லிட்டர், பசால்ட்டில் 470. உங்கள் மாங்காய்க் கூடைக்கு அது பெரிய வித்தியாசமில்லை. எந்தக் காரானாலும் உள்ளே பளபளக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும் எனக்கு ஆகாது. தொப்பூர் கணவாய் தாண்டுவதற்குள் தூசியும் விரல்ரேகையும் அப்பிவிடும். என் காரில் ஒரு பழைய பனியன் துணி நிரந்தரமாகக் கிடக்கிறது.