இரண்டு ஏக்கர் தேயிலைக்குப் பறிக்கும் இயந்திரம் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பறிக்க ஆள் கிடைப்பதில்லை. ஜப்பானில் எல்லாம் இயந்திரம்தான் என்கிறார்கள். இருவர் பிடிக்கும் பெட்ரோல் இயந்திரத்தை மானியத்தில் எடுத்துத் தருவதாக, எங்களிடம் பச்சை இலை வாங்கித் தொழிற்சாலைக்குப் போடும் இலை ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம்.

ஜப்பானில் 1910களிலேயே இலை விழப் பை கட்டிய கத்தரிக்கோல் வந்துவிட்டது. மோட்டார் இயந்திரம் பரவியது 1960களுக்குப் பிறகு, ஆட்கள் நகரத்து வேலைக்குப் போய்க் கூலி ஏறியபோதுதான். செடியையும் நேர்வரிசையாக நட்டு, மேல்மட்டத்தை ஒரே வளைவாக வெட்டிப் பழக்கியிருந்தார்கள். சோவியத் ஜார்ஜியாவில் எடையை மட்டும் பார்த்து இயந்திரத்தை ஓட்டினார்கள். முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து அந்தத் தேயிலையின் பெயரே கெட்டது. கென்யாவின் கெரிச்சோவில், வேலை பறிபோகும் கோபத்தில் 2023-இல் இயந்திரங்களைக் கொளுத்தினார்கள்.

உங்களுக்குச் சிக்கல் மலைச்சரிவுதான். இருவர் இயந்திரத்துக்கு வரிசையின் இருபக்கமும் சேர்ந்து நடக்க வழி வேண்டும். விதை போட்டு வளர்த்த, வரிசை ஒழுங்கில்லாத பழைய தோட்டத்தில் அது ஏது? ஒருவர் பிடிக்கும் பேட்டரி இயந்திரமோ கத்தரியோ போதும்.

அந்த ஏஜென்ட் விஷயத்தில்தான் எனக்குப் பயம். பில்லில் விலையை ஏற்றிவிட்டு, "மானியம் போக இவ்வளவுதான்" என்பார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சிட்டா, ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கடனாக இயந்திரம் தந்து இலைப் பணத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றால், அப்புறம் இலையை வேறு யாருக்கும் போட முடியாது. அவர் சொன்னதே விலை. பிளேடு மழுங்கினால் மாற்று எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், பதில் வராது. மானியத்துக்கு நீங்களே தேயிலை வாரிய அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்கள். அலைய விடுவார்கள், அது எனக்கும் தெரியும். இயந்திரத்தைத் தலையில் கட்டக் காட்டும் அவசரத்தில் பாதியை நல்ல இலைக்கு நல்ல விலை வாங்கித் தருவதில் வாரியம் காட்டலாமே! மாதாமாதம் சராசரி விலை அறிவித்தால் கடமை முடிந்ததா?

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கவாத்து வெட்டிய (செடியைத் தாழக் கத்தரித்துவிட்ட) பகுதியில் எந்த இயந்திரத்தையும் வைக்காதீர்கள். புதுத் துளிர் வளர்ந்து மேல்மட்டம் ஒரே சீராகும் வரை கைப்பறிப்புதான். ஆள் இல்லையே என்று அவசரப்பட்டு வெட்டினால் செடி மெலியும், அடுத்த கவாத்து வரை மகசூல் தேறாது. மொத்தத் தோட்டத்தையும் ஒரே வருடம் கவாத்து செய்யாமல் பகுதி பகுதியாகச் செய்தால் இந்த நெருக்கடியே வராது.

பேட்டரி இயந்திரம் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று வெட்டிப் பாருங்கள். அந்த இலையைத் தொழிற்சாலை என்ன விலைக்கு எடுக்கிறது, கரட்டு இலை (முற்றிய முரட்டு இலை) என்று எவ்வளவு கழிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.