அப்புச்சி சாப்பிட்ட மஞ்சள் உப்புமா

கேள்வி: ஐயா, எங்கள் தோழியின் மாமா ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு பள்ளிக்கூடம் மரத்தடியில் நடக்கும் படத்தை அனுப்பினார். அதற்குக் கூரை போட, ஆண்டு விழாவில் சந்தவை (இடியாப்பம் போன்ற பலகாரம்) கடை வைத்து 14,200 ரூபாய் சேர்த்திருக்கிறோம். பழைய துணியும் மூன்று மூட்டை இருக்கிறது. எப்படி அனுப்புவது? என் அப்புச்சி (அம்மாவின் அப்பா), "நம்மூருப் பள்ளிக்கூடமே ஒழுகுது, ஆப்பிரிக்காவுக்கு எதுக்குக் கண்ணு பணம்?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
- ஏழாம் வகுப்பு மாணவி, காங்கயம்.

பதில்: சந்தவையிலேயே 14,200 ரூபாயா! தேங்காய்ப்பாலில் தண்ணீர் அதிகம் ஊற்றாமல் இருந்திருந்தால் சரி.

திருப்பூரில் ஒரு பேங்கில் அன்னியச் செலாவணி கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவன் நான். அதனால் பணத்தை முதலில் பேசிவிடுகிறேன். தோழியின் மாமா ஒரு சுலப வழி சொல்லக்கூடும்: "பணத்தைக் காங்கயத்தில் எங்கம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அந்த அளவுக்கு மலாவிப் பணமான குவாச்சாவை நான் இங்கே பள்ளியில் கட்டிவிடுகிறேன்." கண்ணு, இதற்குப் பெயர்தான் ஹவாலா. நல்ல காரியமே ஆனாலும் 1999-ஆம் வருட ஃபெமா என்ற அன்னியச் செலாவணிச் சட்டப்படி தப்பு.

உங்களில் ஒருவரின் அப்பாவோ அம்மாவோ பான் கார்டோடு பேங்குக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தில் நன்கொடை என்று எழுதி, அந்தப் பள்ளியின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்பட்டும். மாமா கணக்குக்கு வேண்டாம். உங்கள் பள்ளி டிரஸ்ட் வழியாகவும் வேண்டாம். வெளிநாட்டில் செலவழித்தால் டிரஸ்டின் வரிவிலக்கில் சிக்கல் வரும். ரிசர்வ் பேங்க் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுமதிக்கிறது. சந்தவைக் கடைக்கு அது தாராளம். ஆனால் ஒவ்வொரு தடவையும் இங்கே ஒரு கமிஷன், நடுவில் இருக்கும் பேங்குக்கு ஒன்று, அங்கே ஒன்று. மாதாமாதம் ஆயிரம் ஆயிரமாக அனுப்பினால் பேங்குக்காரர்கள்தான் கூரை போட்டுக்கொள்வார்கள். மொத்தமாக ஒரே தடவை அனுப்புங்கள். பணம் எப்படி வந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள், கேட்பார்கள்.

துணி மூட்டை வேண்டவே வேண்டாம். மேல்நாட்டுப் பழைய துணி அங்கே சந்தைகளில் ஏற்கெனவே மலையாகக் குவிகிறது. அதற்குக் கவுஞ்சிக்கா என்று பெயர். அதில் சில பனியன்கள் நம் திருப்பூரில் தைத்ததாகவே இருக்கலாம்!

மரத்தடியில் ஏன் பள்ளி என்றால், 1994-இல் மலாவி தொடக்கக் கல்விக்குக் கட்டணமே கிடையாது என்று அறிவித்தது. பிள்ளைகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறையும் வாத்தியாரும் அந்த வேகத்தில் வரவில்லை. நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை போகும். மழை வந்தால் மரத்தடி வகுப்பு கலைந்துவிடும். ஆனாலும் கூரைதான் வேண்டுமா, பெஞ்ச் வேண்டுமா என்று அந்தத் தலைமையாசிரியரிடமே ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அப்புச்சி. அவர் சொல்வதில் தப்பில்லை, ஒழுகுகிற கூரை ஒழுகத்தான் செய்கிறது. அதற்கு மனு எழுத அவரையே கூட்டிக்கொள்ளுங்கள், நன்றாக எழுதுவார். ஆனால் அவர் வயதுதான் எனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். 1960-களில் பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் படித்தேன். மத்தியானம் மஞ்சள் மக்காச்சோள ரவை உப்புமா, பவுடர் கரைத்த பால். காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுக்கு 'கேர்' என்ற அமைப்பு அமெரிக்காவிலிருந்து அனுப்பியவை. சாக்கின் மேல் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும். காலிச் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொன்னோம். பாலில் ஒரு காறல் வாசம் வரும், எனக்குப் பிடிக்காது. உப்புமாவை மட்டும் இரண்டாம் தடவை வாங்கத் தட்டைத் துடைத்துக்கொண்டு போய் நிற்பேன். எங்கே இருக்கிறது பெருந்துறை என்று அனுப்பியவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?

அவரோடு வாதாடாதே, கண்ணு. சாயங்காலம் திண்ணையில் இருக்கும்போது, "அப்புச்சி, நீங்க பள்ளிக்கூடத்துல மஞ்சள் உப்புமா சாப்பிட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.