முன்னாள் ஹாக்கி ஆட்டக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், என் மகன் யார் பேச்சைக் கேட்பது?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் மைதானத்துக்கு வரும் பெரியவர்களின் யோசனைகளால் குழம்பிப்போயிருக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவுப் பக்கத்துக்காரன். மலைக்கு அந்தப்புறம் செங்கோட்டை, இந்தப்புறம் புனலூர். டர்ஃப் (செயற்கைப் புல் தரை) வேண்டுமானால் எங்கள் பிள்ளைகள் கோவில்பட்டிக்கோ கொல்லத்துக்கோ போக வேண்டும். இங்கே மண் தரைதான்.

பெரும்பாலான மூத்தவர்கள், தாங்கள் ஆடிய இடத்திலேயே பையனையும் ஆட வைக்கப் பார்க்கிறார்கள். சென்டர் ஃபார்வர்டாக (முன்வரிசையின் நடுவில் நின்று கோல் போடுபவராக) ஆடியவருக்கு எல்லாப் பிள்ளையும் ஃபார்வர்டுதான். அன்பால் செய்வதுதான், ஆனாலும் தவறு. முதலில் பிள்ளையைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

இந்திய அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷை எடுத்துக்கொள்ளுங்கள். எர்ணாகுளம் கிழக்கம்பலத்துப் பையன். ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று சுற்றிவிட்டு, 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனார். கோல் காக்கச் சொன்னவர் அங்கிருந்த பயிற்சியாளர் ஜெயகுமார். கோல்கீப்பர் கிட் வாங்க அப்பா பசுவை விற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலம். பாரிஸோடு ஓய்வு பெற்று, உடனே ஜூனியர் இந்திய அணிக்குப் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னையில் அவர் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் 0-2 என்று பின்தங்கியிருந்து, அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கினார்கள். (1972 மியூனிக்கில் வெண்கலம் வாங்கிய கண்ணூர் மானுவல் ஃப்ரெடரிக்கும் கோல்கீப்பர்தான். எங்கள் மாநிலத்துக்கு இது பெருமை.)

மூத்தவர்கள் சொல்லித்தர வேண்டியவை நிறைய உண்டு. ஹாக்கி மட்டையில் இடதுகைக்காரருக்கென்று தனியாகக் கிடையாது. மட்டையின் உருண்டையான பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. இடது கை மேலே இருந்து மட்டையைத் திருப்ப வேண்டும், வலது கை தாங்கினால் போதும். இது கைக்குப் படியாத வரை டிரிப்ளிங் (பந்தை மட்டையோடு தட்டிக்கொண்டே ஓடுவது) வராது. மண்ணில் பந்து துள்ளும் என்பதால் பிள்ளைகள் நிமிர்ந்தே நின்று பழகிவிடுகிறார்கள். டர்ஃபில் பந்து வழுக்கி வரும், அங்கே முட்டி மடக்கித் தாழ்ந்து நிற்காதவன் முதல் பந்தையே தவறவிடுவான். டர்ஃபில் ஆடியவர்தான் இதைப் போட்டிக்கு முன்பே பையனைப் பழக்க முடியும். பெரியவர்களின் மட்டையை வெட்டிக் கொடுக்கிற வழக்கத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். நீளம் குறையுமே தவிர, அது பிள்ளையின் கைக்கு இன்னும் கனம்தான்.

டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்துவந்து கோலை நோக்கி வீசுவது) மீது இப்போது எல்லாருக்கும் ஆசை, செல்போனில் பார்த்து அப்படியே செய்கிறார்கள். வளரும் முதுகுக்கு அது பெரும் சுமை. புஷ் (மட்டையை ஓங்காமல் பந்தைத் தள்ளுவது) சுத்தமாக வரட்டும், டிராக் ஃபிளிக் பிறகு பார்க்கலாம் என்று ஒரு பெரியவர் கண்டிப்பாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் ஒவ்வொன்றும் 15 நிமிடம், முதல் குவார்ட்டருக்கும் மூன்றாம் குவார்ட்டருக்கும் பிறகு 2 நிமிட இடைவேளை. அந்த 2 நிமிடத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம்.

பி.டி. சாரிடம் பேசுங்கள். மற்ற அண்ணன்மார் சொல்ல நினைப்பதை அவரிடம் சொல்லட்டும், பையனுக்கு அவர் வழியாகவே போகட்டும். விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகும்போது, அங்கே முன்பு ஆடிய ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். கோல்கீப்பர் யாராவது இருந்தால், பழைய கால் பேடையும் ஹெல்மெட்டையும் பள்ளிக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகள் கோலில் நிற்க விரும்பியும் கிட் இல்லாமல்தான் விட்டுவிடுகிறார்கள்.